‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’: பாடியவர்கள் பலர், பதிவான பெயர் ஒன்று

1964-இல் வெளிவந்த ‘தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ இசைத்தட்டின் லேபிளில், மரபுப் பாடல் என்ற குறிப்புக்குப் பக்கத்தில் இசைக்கோர்ப்பாளராக ஆலன் பிரைஸ் என்பவரின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் ‘தி அனிமல்ஸ்’ குழுவின் ஆர்கன் கலைஞர். அந்தப் பெயருக்குப் பின்னால் குறைந்தது முப்பது ஆண்டுப் பதிவுகளும், அதற்கும் முந்தைய வாய்மொழி மரபும் இருக்கின்றன. ராக் இசை தன் முன்னோர்களை எப்படி நடத்தியது என்பதை இந்த ஒரு பாட்டின் வழித்தடத்திலேயே பார்த்துவிடலாம்.

மலைநாட்டுக் குரல்கள்

நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள ஒரு வீட்டில் வாழ்க்கை சீரழிந்துபோனவர் தன் கதையைச் சொல்லி, தன்னைப் போல ஆகிவிடாதீர்கள் என்று இளையவர்களை எச்சரிப்பதுதான் பாட்டின் கரு. இயற்றியவர் யாரென்று தெரியவில்லை. 1925-இல் ‘அட்வென்ச்சர்’ இதழில் பழம்பாடல் பகுதி நடத்திய ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் இதன் வரிகளை அச்சிட்டார். 1933-இல் கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் ‘ரைசிங் சன் புளூஸ்’ என்ற தலைப்பில் வோகாலியன் நிறுவனத்துக்காக இதைப் பாடினர். தாத்தாவிடம் கற்ற பாட்டு இது என்று ஆஷ்லி சொல்லியிருக்கிறார்.

பாட்டின் போக்கை மாற்றிய பதிவு 1937 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைச் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸ், பதிவுக் கருவியோடு கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்க ஊரான மிடில்ஸ்பரோவுக்குப் போனார். அங்கே சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் இந்தப் பாட்டைப் பாடினாள். அவள் பாடியது ஒரு பெண்ணின் கதையாக இருந்தது. அதே பயணத்தில் பெர்ட் மார்ட்டின் என்பவரும் சில வரிகள் கொடுத்தார். இருவர் தந்ததையும் இணைத்து 1941-இல் ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ தொகுப்பில் லோமாக்ஸ் வெளியிட்டார். இருவர் பெயரையும் அதில் குறித்தார். அதன்பின் நகரத்துப் பாடகர்கள் பலரும் இதைக் கையில் எடுத்தார்கள். வுடி கத்ரி, ஜோஷ் வைட், லெட் பெல்லி, 1960-இல் ஜோன் பயஸ், 1962-இல் நினா சிமோன் என்று பட்டியல் நீள்கிறது.

கிரீன்விச் வில்லேஜ் முதல் நியூகாசில் வரை

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பாடகர் டேவ் வான் ராங்க் இந்தப் பாட்டுக்குப் படிப்படியாக இறங்கும் கீழ்ச்சுர வரிசை ஒன்றை அமைத்து மேடையில் பாடிவந்தார். இளம் பாப் டிலன் 1961 நவம்பரில் தன் முதல் தொகுப்புக்காக அந்த அமைப்பிலேயே பாடிப் பதிவுசெய்துவிட்டு, பிறகுதான் வான் ராங்கிடம் அனுமதி கேட்டார். தட்டு வந்ததும், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்று ஜனங்கள் பேச, வான் ராங்க் அந்தப் பாட்டைப் பாடுவதையே நிறுத்திவிட்டார். ‘அனிமல்ஸ்’ தட்டு வந்தபின் டிலனுக்கும் அதே கதி நேர்ந்தது, அவரும் நிறுத்திக்கொண்டார். யார் பாட்டு மிகப் பரவலாகக் கேட்கப்படுகிறதோ, அவரே மூலவராகிவிடுகிறார்.

நியூகாசிலைச் சேர்ந்த ‘அனிமல்ஸ்’ குழுவுக்குப் பாட்டு எப்படிக் கிடைத்தது என்பதில் இரண்டு கூற்றுகள் உண்டு. டிலனின் தட்டிலிருந்து வந்தது என்பது ஒன்று. தன் ஊர் நாட்டார் பாடகர் ஜானி ஹேண்டில் பாடக் கேட்டதாகப் பாடகர் எரிக் பர்டன் சொல்வது மற்றொன்று. சக் பெர்ரியுடன் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது நிகழ்ச்சியை முடிக்க இதைப் பாடினார்கள். கூட்டத்தின் வரவேற்பைப் பார்த்து, 1964 மே 18 அன்று லண்டனில் மிக்கி மோஸ்ட் தயாரிப்பில் ஒரே டேக்கில் பதிவுசெய்தார்கள்.

அந்தப் பதிவின் வலிமை ஹில்டன் வாலன்டைனின் கிதாரில் தொடங்குகிறது. கார்டுகளை மொத்தமாக மீட்டாமல், தந்தி தந்தியாகப் பிரித்து, நம் காதுக்குத் திஸ்ர நடையாகப் படும் 6/8 தாளத்தில் வாசிக்கிறார். ஏ மைனர், சி, டி, எஃப் என்று கார்டுகள் ஏறும்போது, டி கார்டில் எஃப் ஷார்ப் ஒலித்து, அடுத்த கார்டில் அது அரைச்சுரம் இறங்கி எஃப் ஆகிறது. கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், ஏ-வை ஷட்ஜமாகக் கொள்ளும்போது சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாகிறது. கரகரப்ரியாவின் சாயல் காட்டி நடபைரவிக்குத் திரும்புவதுபோல. விடுதலை தெரிவதும் உடனே கதவு மூடுவதுமான பாட்டின் கதை அந்த ஓர் அரைச்சுரத்திலேயே இருக்கிறது. அதன்மேல் பிரைஸின் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன் மெல்ல எழுந்து, பர்டனின் கரகரத்த குரலோடு உச்சத்துக்குப் போகிறது.

பாட்டு நாலரை நிமிடம் ஓடியது. அன்றைய வானொலிக்கு அது மிக நீளம். அமெரிக்கத் தட்டுக்கு மூன்று நிமிடத்துக்குள் வெட்டினார்கள். ஆனாலும் ஜூலையில் பிரிட்டனிலும் செப்டம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இந்த வடிவத்தில் கதைசொல்லி ஆண் ஆனான். காதலனின் இடத்தில் சூதாடியான தகப்பன் வந்தான். டர்னர் பாடிய பெண்ணின் வாழ்வு உலகப் புகழ்பெற்ற வடிவத்தில் இல்லாமல் போனது.

வீடும் வரவும்

நியூ ஆர்லியன்ஸில் அந்த வீட்டைத் தேடியவர்கள் ஏராளம். விலைமாதர் இல்லம் என்றார்கள் சிலர், பெண்கள் சிறை என்றார்கள் சிலர். 1820-களில் எரிந்துபோன ‘ரைசிங் சன்’ விடுதி ஒன்று கான்டி தெருவில் இருந்திருக்கிறது. அதுதான் பாட்டின் வீடு என்று நிரூபணமாகவில்லை. வீட்டைத் தேடிய அக்கறையில் ஒரு பங்கு பாடியவர்கள்மேல் இருந்திருக்கலாம்.

லேபிளில் ஐந்து பேரின் பெயருக்கும் இடமில்லை என்று சொல்லப்பட்டதாகக் குழுவினர் பின்னாளில் கூறினார்கள். இசைக்கோர்ப்புக்கான ராயல்டி பிரைஸின் பெயருக்கே போனதால் அவர்களுக்குள் நீண்ட நாள் மனக்கசப்பு நிலவியது. வாலன்டைனின் கிதார் இல்லாமல் அந்தப் பதிவே இல்லை என்பதால் அந்தக் கசப்பு நியாயமானது. ஜார்ஜியா டர்னர் 1969-இல் 48 வயதில் இறந்தார். அவருக்குக் கிடைத்த பணம் மிகச் சொற்பம்.

மரபுப் பாட்டுக்கு உடைமையாளர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அப்படியென்றால் கடைசியாக வாசித்தவருக்கு மட்டும் உடைமை எப்படி வந்தது? இசைக்கோர்ப்புக்கு உரிமை தரும் சட்டம், பாட்டை உயிரோடு வைத்திருந்த வாய்க்கு எதுவும் தரவில்லை. மிடில்ஸ்பரோ பதிவு ஆவணமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது, இன்றும் கேட்கலாம். இந்தப் பாட்டின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் 1964-இலிருந்து பின்னோக்கிப் போகாமல், 1937-இல் பாடிய அந்தப் பெண்ணின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். அனிமல்ஸின் சாதனை அதனால் குறையப்போவதில்லை. அவர்கள் எதைப் பெற்றார்கள், எதைச் சேர்த்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.