சத்தியத்தின் துலாக்கோல்: கிறிஸ்தவ – இஸ்லாமிய ஒப்பீட்டு நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரே பெயர்களை உச்சரித்து ஒரே பொருளைக் கருதாத இரு சமயத்தாரிடையே ஒப்பீடு என்பது எளிதாகத் தோன்றி இடர் விளைக்கும் முயற்சியாகும். ஆபிரகாம், மோசே, தாவீது, மரியாள், இயேசு ஆகியோர் கிறிஸ்தவருக்கு உரியோர். இப்றாஹீம், மூஸா, தாவூது, மர்யம், ஈசா என அவர்கள் முஸ்லிம்களுக்கும் உரியோர். இவ்வுறவை அடியாகக் கொண்டு, கிறிஸ்தவர் தம் விசுவாசத்தை முஸ்லிம்களிடம் எடுத்துரைப்பதற்குத் துணையாக எழுந்த நூல்கள் பல. இறைவன், வேதம், இயேசு, பாவம், மீட்பு என்று தலைப்பிட்டு, ஒரு புறம் கிறிஸ்தவக் கோட்பாட்டையும் மறுபுறம் இஸ்லாமியக் கோட்பாட்டையும் நிறுத்தி, வேறுபாட்டைக் காட்டிச் செல்வது இவற்றின் பொதுவான அமைப்பு. சமயப் பரப்புரை என்ற பெயரால் இவை திறனாய்வாளரின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆயினும் இவற்றுக்கும் ஒரு தருக்க அமைப்புண்டு. கருதப்பட்ட வாசகர் உண்டு. எனவே இவற்றிடம் கேட்கத்தக்க வினாவும் ஒன்றுண்டு. சீர்தூக்கும் கோல் யாருடையது என்பதே அது.

இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான நூல் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. 'மீஸானுல் ஹக்', அதாவது சத்தியத்தின் துலாக்கோல், கார்ல் கொட்லீப் ஃபண்டர் என்னும் ஜேர்மானிய மிஷனரியால் 1829 இல் எழுதப்பட்டது. வூட்டம்பேர்க் நாட்டிலே 1803 இல் பிறந்து, பாசல் மிஷனிற் பயின்ற இவர், காக்கேசியப் பகுதியிலுள்ள சூஷா நகரிற் பணிபுரிந்தார். அங்கே பாரசீக மொழியை நன்கு கற்றார். நூலின் பாரசீக வடிவம் 1835 இல் வெளிவந்தது. அவ்வாண்டே ரஷ்ய அரசின் ஆணையால் அப்பகுதியில் மிஷன் பணி நிறுத்தப்பட, ஃபண்டர் பின்னர் இந்தியாவை அடைந்தார். உருது உட்படப் பல மொழிகளிற் பரவிய இந்நூல், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் முஸ்லிம்களிடையே பணிபுரிந்த மிஷனரிமாரின் கைந்நூலாக விளங்கியது. 1910 இல் டிஸ்டல் என்பார் இதனைத் திருத்திப் புதுக்கியபோதும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை.

அந்த எலும்புக்கூட்டை நோக்குதல் வேண்டும். மெய்யான இறைவெளிப்பாட்டுக்குரிய இலக்கணம் இன்னதென்பதை ஃபண்டர் முன்னுரையிலேயே வகுத்துவிடுகின்றார். உண்மை, பாவமன்னிப்பு, தூய்மை ஆகியவற்றுக்காக மனித ஆன்மா கொள்ளும் ஏக்கத்தை அது தணிக்க வேண்டும். மனச்சாட்சியோடு இசைய வேண்டும். இறைவனைத் தூயவனாகவும் நீதியுள்ளவனாகவும் காட்ட வேண்டும். தன்னுள் முரண்படாதிருக்க வேண்டும். இதன் பின்னர் விவிலியம் மாற்றப்படவோ நீக்கப்படவோ இல்லை என ஒரு பகுதியில் வாதிடுகின்றார்; அதன் போதனைகளை அடுத்த பகுதியில் விளக்குகின்றார்; இறுதியிலேயே குர்ஆனையும் நபிகளாரையும் தம் இலக்கணத்தின் முன் நிறுத்துகின்றார். கட்டுக்கோப்பான அமைப்பு என்பதில் ஐயமில்லை. எதிர்த்தரப்பாரை அறிவுடையோராக மதித்து, அவர்தம் மொழியில், அவர்தம் நூல்களைப் பயின்று எழுதியமையும் பாராட்டுக்குரியதே. ஆனால் முதற்பக்கத்திலே வகுக்கப்பட்ட இலக்கணம் விவிலியத்தைப் படித்த ஒருவரின் உள்ளத்திலே பிறந்தது. பாவமன்னிப்புக்கான ஏக்கமே வெளிப்பாட்டின் உரைகல் என்று சொல்லியபோதே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்கும் தமிழ் மரபிலே, கோல் எப்பக்கமும் சாராதிருத்தலே அதன் அழகு. ஃபண்டரின் கோல் தொங்கவிடப்படுவதற்கு முன்னரே சாய்ந்திருந்தது.

இச்சாய்வு எதிர்த்தரப்பாருக்கு மட்டுமன்றி ஃபண்டருக்கும் கேடாக முடிந்தமை கவனிக்கத்தக்கது. 1854 ஏப்ரல் 10, 11 ஆந் தேதிகளில் ஆக்ரா நகரிலே பொது விவாதம் ஒன்று நிகழ்ந்தது. கிறிஸ்தவர் பக்கம் ஃபண்டரும் அவருக்குத் துணையாகத் தோமஸ் வல்பி ஃபிரெஞ்சு என்பாரும். முஸ்லிம்கள் பக்கம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் அவருக்குத் துணையாக வைத்தியர் முஹம்மத் வஸீர் கானும். வேத நீக்கம், வேதத் திரிபு, திரித்துவம், நபித்துவம், குர்ஆன் என ஐந்து பொருள்கள் வகுக்கப்பட்டன. முதல் இரண்டினையும் தாண்டி விவாதம் செல்லவேயில்லை. வஸீர் கான் ஐரோப்பிய விவிலிய விமர்சகர்களின் நூல்களைத் திரட்டி வைத்திருந்தார். ஃபண்டரின் தாயகத்து அறிஞர்களே எழுதியவற்றை அவர் முன்னிலையில் எடுத்து வைத்து, மூலப்பிரதிகளிற் பாடபேதங்களும் இடைச்செருகல்களும் உண்டா, இல்லையா என வினவினர். ஃபண்டர் சிலவற்றை ஒப்புக்கொண்டார். நேர்மையுள்ள எவரும் ஒப்புக்கொள்ளவே வேண்டியிருந்தது. யோவானின் முதல் நிருபத்திலே மூவர் சாட்சியைக் கூறும் வசனப்பகுதி பிற்காலச் சேர்க்கை என்பது ஐரோப்பிய அறிஞரிடையே முன்னரே வலுப்பெற்றிருந்த முடிபாகும். எனினும் சாரப்பொருள் திரியவில்லை என அவர் வாதிட்டார். அவையிலிருந்தோர் பலருக்கு அது தோல்வியின் மொழியாகவே கேட்டது.

பாடபேதம் இருப்பது ஒரு நூலின் பெறுமதியை ஏன் அழிக்க வேண்டும்? கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏடுகளினின்று மீட்டுப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் உழைப்பை அறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்வினா இயல்பாகவே எழும். விடை, இரு தரப்பாரும் 'வேதம்' என்னும் சொல்லால் இரு வேறு பொருள்களைக் கருதினர் என்பதிலே தங்கியுள்ளது. குர்ஆன் பேசும் இஞ்சீல் ஈசா நபிக்கு இறைவனால் அருளப்பட்ட ஒரு வேதம். கிறிஸ்தவர் கையிலுள்ள சுவிசேஷங்களோ இயேசுவைப் பற்றி நால்வர் எழுதியவை. மத்தேயு எழுதியது, மாற்கு எழுதியது என மனிதர் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி நிற்பவை. முன்னைய கருத்தின்படி ஓர் எழுத்து மாறினும் இறைவாக்கு மாறியதாகும். பின்னைய கருத்தின்படி எழுத்து சாட்சி. சாட்சி கூறப்படும் ஆளே வாக்கு. ஆக்ராவிலே ரஹ்மத்துல்லாஹ் வினவியது முதலாவது பொருள் பற்றி. ஃபண்டர் விடையிறுத்ததும் முதலாவது பொருள் பற்றியே. தம் நூலில் விவிலியத்தையும் குர்ஆனையும் ஒரே இனப் பொருள்களாகத் தட்டுகளில் வைத்தவர் அவர்தாமே! அந்த ஒப்புமையை அவர் வகுக்காதிருந்தால், பாடபேதங்களை ஒப்புக்கொண்டமை அவருக்கு அத்துணைப் பாரமாகியிராது.

1857 இன் கிளர்ச்சிக்குப் பின்னர் மக்காவை அடைந்த ரஹ்மத்துல்லாஹ், 1864 இல் 'இஸ்ஹாருல் ஹக்' என்னும் அரபு நூலினால் ஃபண்டருக்கு மறுமொழி தந்தார். பரந்த கல்வியும் கூரிய வாதமும் கொண்ட அந்நூலிலும் கோலின் சாய்வு இருக்கவே செய்கின்றது. திசை மட்டுமே வேறு. வேதம் என்பது சொல்லுக்குச் சொல் இறங்கியதாக இருத்தல் வேண்டும் என்னும் இஸ்லாமிய இலக்கணத்தை அது சுவிசேஷங்கள்மீது பொருத்துகின்றது. அன்றியும், ஐரோப்பிய விமர்சகரின் முடிபுகளை ஏற்கும் அந்நூல், அம்முடிபுகளைத் தந்த ஆய்வுமுறை எந்தப் பழைய நூலுக்கும் பொதுவானது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இரு நூல்களும் இன்றும் மறுபதிப்புகள் காண்கின்றன. இரண்டின் வாதங்களும் பெயர் குறிப்பிடப்படாமலே சிறு பிரசுரங்களில் உலவுகின்றன.

ஒப்புமை பிழைத்தது என்றால், சரியான ஒப்புமை யாது? வில்ஃபிரட் கன்ட்வெல் ஸ்மித் 1957 இல் வெளியிட்ட நவீன வரலாற்றில் இஸ்லாம் பற்றிய நூலில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். கிறிஸ்தவத்திலே குர்ஆனுக்கு நிகரானது விவிலியம் அன்று, கிறிஸ்துவே என்பது அவர் கருத்து. நித்திய வாக்கு உலகிற்கு வந்த வடிவம் ஒரு சாராருக்கு நூல். மற்றச் சாராருக்கு ஆள். இதனை ஏற்பின் ஏனையவும் இடம் மாறும். செய்யித் ஹுஸைன் நஸ்ர் என்னும் ஈரானிய அறிஞர் இதனை மேலும் நீட்டி, வாக்கினைத் தம்முட் கொண்டு உலகிற்களித்த வகையில் நபிகளாரின் இடம் மரியாளின் இடத்தை ஒத்தது என்றார். எழுத்தறியாமையும் கன்னிமையும், வாக்கினை ஏற்ற கலம் மாசற்றது என்பதன் இரு அடையாளங்களாகின்றன. இவ்வொப்புமையை முற்றாக ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆயினும், கிறிஸ்துவின் வாழ்க்கையையும் நபிகளாரின் வாழ்க்கையையும் பக்கம் பக்கமாக அடுக்கி எவர் உயர்ந்தவர் எனக் கேட்கும் நூல்கள் எத்துணை அடிப்படையான தவறிலே தொடங்குகின்றன என்பதை அது காட்டிவிடுகின்றது. நபிகளாரைப் பழிப்பதால் கிறிஸ்துவுக்கு யாதொரு சிறப்பும் சேர்வதில்லை. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறாதே என்னும் கட்டளை பிறனுடைய சமயத்துக்கும் பொருந்தும் என்பதை இந்நூலாசிரியர்கள் மறந்துவிடுவது விந்தையே.

பாவம் பற்றிய ஒப்பீட்டிலும் இதே நிலைதான். ஆதாமின் மீறுதலை இரு வேதங்களும் கூறும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலே ஆதம் மனம் வருந்துகின்றார், இறைவன் மன்னிக்கின்றான், விடயம் அவ்விடத்தே தீர்ந்துவிடுகின்றது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமவார் என்பதும் குர்ஆனின் தெளிவான நிலைப்பாடு. பவுலின் இறையியலிலோ அம்மீறுதல் மனித இனம் முழுவதையும் பற்றியது. அதனைத் தீர்க்க இறைவனே இறங்கி வர வேண்டியதாயிற்று. இஸ்லாத்தில் மீட்புக்கு வழி இல்லை என எழுதும் ஒப்பீட்டு நூல், முஸ்லிம் ஒருபோதும் எழுப்பாத வினாவுக்கு அவரிடம் விடையில்லை எனக் குறை கூறுகின்றது. அவருக்கு வேண்டியது மீட்பு அன்று, நேர்வழி.

இவ்வுண்மைகளை உள்வாங்கி எழுந்த நூல் கெனத் கிராக் 1956 இல் வெளியிட்ட 'மினாராவின் அழைப்பு'. ஆக்ரா விவாதத்துக்கு ஒரு நூற்றாண்டின் பின் வந்த இந்நூல், கிறிஸ்தவத் தலைப்புகளை விடுத்து, பள்ளிவாசலில் ஒலிக்கும் பாங்கின் சொற்களையே இஸ்லாத்தை விளக்குவதற்குரிய வழியாகக் கொள்கின்றது. அதன் பின்னரே கிறிஸ்தவரின் கடமை பேசப்படுகின்றது. அங்கும் முதலில் வருவது புரிந்துகொள்ளல். எடுத்துரைத்தலும் பொறுமையும் அதற்குப் பின்னரே. இது நாகரிகத்தின் பாற்பட்ட மாற்றம் மட்டுமன்று, முறையியல் மாற்றமுமாகும். சிலுவை பற்றிய பகுதியிலே இதன் பயன் வெளிப்படுகின்றது. ஈசாவை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்பது குர்ஆனின் கூற்று (4:157). பழைய நூல்கள் இதனை வரலாற்று மறுப்பாகவே கொண்டு சான்றுகளைக் குவித்தன. கிராக் அம்மறுப்பினுள் ஈசாவின்பால் உள்ள மதிப்பைக் கண்டார். அவமானச் சாவு இறைதூதருக்குத் தகாது என்னும் உணர்வு அங்கே உள்ளது. 1985 இல் வந்த 'இயேசுவும் முஸ்லிமும்' என்னும் நூலில், நிகழவில்லை, நிகழத் தேவையில்லை, நிகழ்ந்திருக்கத் தகாது என்னும் மூன்று இழைகளை அவர் பிரித்தறிகின்றார். எனவே உண்மையான பிணக்கு ஒரு பிற்பகலில் எருசலேமிலே என்ன நடந்தது என்பது மட்டுமன்று. இறைவனின் பெருமை தாழ்வை விலக்குமா, அன்றித் தாழ்விலேதான் வெளிப்படுமா என்பதுமாகும்.

ஆயினும் கிராக்கும் குறைக்கு அப்பாற்பட்டவரல்லர். நபிமார் கொலையுண்டதைக் குர்ஆனே பல இடங்களிற் கூறுவதால், மதிப்புணர்வு ஒன்றினால் மட்டும் சிலுவை மறுப்பை விளக்கிவிட முடியாது. மேலும் அவர் எழுத்திலே இஸ்லாம் அடிக்கடி முற்றுப்பெறாத வாக்கியம்போலத் தோன்றுகின்றது. கிறிஸ்து வந்து அதனை முடித்துவைக்க வேண்டும் என்பது போன்றதொரு தொனி. தம் வாக்கியம் முற்றுப்பெற்றதே என்பது முஸ்லிமின் உறுதி. அன்பும் சில வேளை பிறர் வாயினின்று சொல்லைப் பறித்துக்கொள்ளும். நடை வேறு, சிக்கலும் சுழலும் வாக்கியங்கள் அவருடையவை. ஃபண்டரை வாசிப்போர் அவர் சொல்வது இன்னதென உடனே அறிவர். கிராக்கை வாசிப்போர்க்கு அவ்வசதி இல்லை. எளிய கையேடுகளே பரவி, இவர் நூல் அறிஞர் வட்டத்தினுள் நின்றுவிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இலங்கைத் தமிழ்ச் சூழலில் இப்பிரச்சினை மொழியினுள்ளேயே கிடக்கின்றது. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழ். 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்புச் சீயோன் ஆலயமும் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களும் தாக்கப்பட்ட பின்னர், அயலவர் சமயம் பற்றி ஒருவர் சொல்லும் சொல்லுக்கு முன்னில்லாத கனம் ஏறியுள்ளது. ஒப்பீட்டு நூல்களைத் தமிழாக்குவோர் இதனை எண்ணுதல் வேண்டும். 'தூதன்' என்றால் விவிலியம் பயின்றவர் உள்ளத்தில் வானத்துத் தேவதூதன் தோன்றுவான். முஸ்லிம் உள்ளத்தில் றஸூல் தோன்றுவார். வானவரை அவர் மலக்கு என்பார். 'தீர்க்கதரிசி' என்னும் கிறிஸ்தவச் சொல் வருவதுரைப்பவரைச் சுட்டும். 'நபி' என்பதன் முழுப்பொருளும் அதனுள் அடங்காது. 'பரிசுத்த ஆவி' எனக் கிறிஸ்தவர் கூற, றூஹுல் குத்ஸ் என மனத்துள் பெயர்த்துக்கொள்ளும் முஸ்லிம் பெரும்பாலும் ஜிப்ரீலையே எண்ணுவார். திரித்துவத்தின் மூன்றாம் ஆள் ஒரு வானவர் என்றாகிவிடும். 'தேவகுமாரன்' என்பதோ இவற்றினும் கடினமானது. இறைவனுக்குத் துணைவி இல்லாதபோது பிள்ளை எவ்வாறு என்பது குர்ஆனின் வினா (6:101). அவ்வாறான பிறப்பைக் கிறிஸ்தவரும் மறுப்பர். ஆனால் குமாரன் என்னும் சொல்லைக் கேட்ட தமிழ் முஸ்லிம், தாம் மறுப்பதையே அயலவர் வழிபடுகின்றார் எனக் கொள்வதிற் பிழையில்லை. தமிழில் அச்சொல்லுக்கு அதுவே பொருள். அதனை விடுத்து வேறு சொல் வைப்பின் விவிலியம் திரிந்தது என்னும் பழைய குற்றச்சாட்டு புதுவலிமை பெறும். வைத்துக்கொண்டாலோ, ஒவ்வொரு முறையும் விளக்கம் கூற வேண்டியிருக்கும்.