மேசைமீது ஏறிய மாணவர்கள்: மலையகத்திலிருந்து ஒரு பார்வை

பீற்றர் வியரின் 'டெட் பொயட்ஸ் சொஸைட்டி' (1989) ஆசிரியத் தொழிலிலுள்ள நண்பர்கள் ஓயாமல் சிலாகிக்கும் படம். வெல்டன் என்ற அமெரிக்க விடுதிப் பாடசாலை, ஆண்டு 1959. ஆங்கில ஆசிரியர் கீற்றிங் (ரொபின் வில்லியம்ஸ்), கவிதையை அளவுகோல் வைத்து மதிப்பிடும் பாடநூல் முன்னுரையைக் கிழித்தெறியச் சொல்கிறார். மேசைமீது ஏறி நின்று பார்க்கச் சொல்கிறார். பிள்ளைகள் மயங்குகிறார்கள், நாமும்தான்.

ஆனால் அட்டனில் இருந்து இதைப் பார்ப்பவனுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. மீறச் சொல்வது எந்த மரபை? நீல் என்ற மாணவனை டொக்டராக்கத் துடிக்கிறார் தந்தை. அவனோ நாடக மேடையை விரும்புகிறான். லயத்துக் காம்பராவில் ஒரு தகப்பன் மகனை டொக்டராக்க நினைத்திருந்தால் அதுவே பெரும் கலகம். அங்கே மரபு என்பது வயது வந்ததும் பேர் பதிந்து பிரட்டுக்களத்தில் நிற்பது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமோ பெற்றோரை நாடற்றவர்களாக்கியிருந்தது.

அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் சிறுகதையாளர் திருச்செந்தூரனும் ஓர் இளந்தலைமுறையைத் தட்டியெழுப்பியது ஏறத்தாழ அதே காலத்தில்தான், அறுபதுகளில். (அஸீஸ் அதிபராயிருந்த கொழும்பு ஸாஹிராவை அறிந்த நம் வாசகருக்கு, ஒரு பாடசாலை ஒரு சமூகத்தின் முகத்தையே மாற்றும் என்று விளக்க வேண்டியதில்லை.) கீற்றிங்கின் மாணவர் இரவில் குகைக்குள் ஒளிந்து கவிதை வாசித்தார்கள். மலையகத்து இளைஞரின் எழுத்தோ பகிரங்கமாக அச்சேறியது. வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் நடத்திய போட்டிகளின் பரிசுக் கதைகள் 1971 இல் 'கதைக்கனிகள்' என நூலாயின.

படத்தின் பெருங்குறை இறுதியில்தான். நீல் தற்கொலை செய்துகொள்கிறான், கீற்றிங் வெளியேற்றப்படுகிறார். ஆசிரியருக்கும் இதில் பங்குண்டா என்ற கேள்வியைப் படம் நேர்மையாகச் சந்திக்கவில்லை. நிர்வாகத்தை வில்லனாக்கி, பிள்ளைகளை மறுபடி மேசைமேல் ஏற்றி, நம் கண்ணீரை வாங்கிக்கொள்கிறது.

இந்தக் குறை நம்மிடமும் உண்டு. சிவலிங்கம் 1999 இல் மறைந்தார். நினைவுரைகளில் புகழ் இருக்கிறது, வகுப்பறை இல்லை. குறுக்குக் கேள்வி கேட்ட பையனிடம் அவர் என்ன சொன்னார்? படித்தும் வேலையின்றி லயத்துக்கே திரும்பியவன் அவரை எப்படி நினைத்துக்கொண்டான்? கொழுந்துக் கூடையையும் கங்காணியையும் அவ்வளவு நுட்பமாக எழுதிய கைகள் கரும்பலகையை ஏன் இவ்வளவு அரிதாகத் தொட்டன? அன்று அந்த வாங்குகளில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கேட்டு எழுத அதிக காலம் இல்லை.