ஆலயத்துக்குள் வந்த புல்லாங்குழல்

இலண்டன் மாநகரின் ஃப்ளீட் வீதியை ஒட்டித் தூய பிரைட் ஆலயம் நிற்கிறது. 1500-ஆம் ஆண்டளவில் விங்கின் டி வோர்ட் என்பார் தமது அச்சுப்பொறியை அவ்வீதிக்குக் கொண்டுவந்தார். அவர் அடக்கம்பண்ணப்பட்டதும் இவ்வாலயத்திலேயே. பிற்காலத்தில் செய்தித்தாள் எழுத்தாளர் அனைவரும் இதனைத் தங்கள் ஆலயமாகவே கொண்டனர். 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் இது எரிந்தது. கிறிஸ்டோபர் ரென் மீண்டும் எழுப்பினார். 1940 டிசம்பர் 29-ஆம் நாள் இரவு விமானக் குண்டுகளால் மறுபடியும் எரிந்து, கோபுரமும் வெளிச்சுவர்களுமே எஞ்சின. 1957-இல் புதுப்பிக்கப்பட்டுப் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இவ்வாறு இருமுறை எரிந்து எழுந்த ஆலயத்துக்குள் 2008 டிசம்பரில் ஜெத்ரோ டல் எனும் ஆங்கில ராக் இசைக்குழு நுழைந்து, ஒரு பாடகர் குழுவோடு சேர்ந்து, தொண்டு நிதிக்காகக் கிறிஸ்து பிறப்பு நிகழ்ச்சியொன்றை நடத்திற்று. அதன் ஒலிப்பதிவு 2009-இல், அக்குழு முன்னரே 2003-இல் வெளியிட்டிருந்த கிறிஸ்துமஸ் இசைத்தட்டோடு இணைக்கப்பட்டு வெளிவந்தது. நாம் நேரில் இருந்து கேட்டவரல்லர். அப்பதிவைக் கேட்டே இதனை எழுதுகிறோம்.

குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன். ராக் இசையில் புல்லாங்குழலுக்கு இடம் தேடித் தந்தவர். ஒற்றைக் காலில் நின்று ஊதும் பழக்கத்தால் பெயர்பெற்றவர். ஜெத்ரோ டல் என்பதோ, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதை விதைக்கும் கருவியைச் செய்த ஆங்கில வேளாண் அறிஞர் ஒருவரின் பெயர். விதைக்கிறவன் உவமையை ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நமக்கு அப்பெயரில் சிறிது உறவு உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் குழுவின் பாடல்களைப் பார்த்தால் உறவு அத்தனை எளிதன்று. 1971-இல் வெளிவந்த ‘அக்வாலங்’ எனும் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிறுவனச் சமயத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு. கடவுளைத் திருச்சபை தன் சொந்தப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறது என்பதே அதன் குற்றச்சாட்டு. அதே தட்டின் முதற்பாடலோ தெருவில் கிடக்கும் வீடற்ற முதியவன் ஒருவனைப் பற்றியது. ஆண்டர்சனின் அன்றைய மனைவியார் எடுத்த நிழற்படங்களிலிருந்து பிறந்தது. தாம் திருச்சபையின் ஆதரவாளரே அன்றி விசுவாச அறிக்கை செய்பவர் அல்லர் என்று அவர் பன்முறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அத்தகையவரைப் பீடத்தின் முன் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பின் கீதங்களை இசைக்கச் சொல்லலாமா? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

இக்கேள்வி எழும்போதெல்லாம் நம் மாணாக்கரிடமிருந்து ஒரே விடை வருகிறது: ‘லூத்தர் மதுக்கடைப் பாட்டுகளை எடுத்துத் திருச்சபைக்குத் தந்தாரே, ஐயா!’ இவ்விடையை முதலில் அப்புறப்படுத்திவிட வேண்டும். லூத்தர் தம் பிள்ளைகளுக்காக எழுதிய புகழ்பெற்ற கிறிஸ்து பிறப்புக் கீதம் 1535-இல் அச்சேறியபோது, மக்களிடையே வழங்கிய ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டில் அமைந்திருந்தது உண்மை. ஆனால் 1539-இல் அந்த மெட்டு நீக்கப்பட்டு, இன்று நாம் அறிந்த வேறு மெட்டு சேர்க்கப்பட்டது. முந்தைய மெட்டைக் கேட்டோரின் நினைவு ஆடலரங்குக்கும் மதுக்கடைக்கும் ஓடியதே காரணம் என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். ஆகவே லூத்தரைச் சாட்சிக்கு அழைப்போர் அவர் சாட்சியத்தின் பிற்பகுதியையும் கேட்கவேண்டும். வெளியிலிருந்து வரும் இசை எதனையும் அவர் அஞ்சவில்லை. எதனையும் சோதியாமல் ஏற்கவுமில்லை.

கருவியைப் பற்றிய தடை அதனினும் வலுக்குறைந்தது. கேரல் எனும் சொல்லே முதலில் வட்டமாய் நின்று ஆடிப்பாடும் ஆட்டத்தைக் குறித்தது. அது ஆலயத்துக்குள் பிறந்ததன்று. 1647-இல் இங்கிலாந்தின் தூய்மைவாதப் பாராளுமன்றம் கிறிஸ்து பிறப்புப் பண்டிகையையே தடைசெய்தபோது, பண்டிகைப் பாட்டுகளைக் காத்தவர் இறையியலார் அல்லர், சாதாரண மக்கள். 1818-இல் ஆஸ்திரிய நாட்டின் ஓபெர்ன்டோர்ஃப் கிராமத்தில், இன்று உலகெங்கும் பாடப்படும் ‘அமைதியான இரவு’ கீதம் முதன்முறை ஒலித்தது கிட்டார் துணையோடுதான். ஒன்பது பாடங்களும் கீதங்களும் எனும் ஆராதனை முறையைத் தொன்மையானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது 1880-இல் ட்ரூரோவில் தொடங்கி, 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் வேர்கொண்டது. அவ்வளவே அதன் வயது. தூய பிரைட் ஆலயத்தில் பாடகர் குழு பாடிய ‘கௌதேத்தே’ எனும் இலத்தீன் பாட்டு 1582-ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ளது. அதனை இக்காலப் பொதுமக்களின் காதுக்கு மீட்டுத் தந்தது, 1973-இல் ஸ்டீலை ஸ்பான் எனும் நாட்டுப்புற ராக் குழு. அதாவது, ஆலயம் மறந்ததை வெளியார் பாடி ஆலயத்துக்கே திருப்பித் தந்திருக்கின்றனர். ஆகவே கிட்டாரும் முரசும் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தும் என்போரோடு வாதிடுவதில் நாம் இனிக் காலம் செலவிடப்போவதில்லை. அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ பத்தாம் நூலில் எழுப்பிய கவலையே உண்மையான கவலை. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம் உள்ளத்தை அதிகம் அசைக்கும்போது தாம் பாவம் செய்வதாக அவர் அஞ்சினார். அது ராக் இசைக்கு மட்டுமா? நமது பாடகர் குழுக்களின் நான்குகுரற் பாட்டுக்கும் பொருந்துமே!

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். குழுவின் பாட்டு, பாடகர் குழுவின் கீதம், கவிதை வாசிப்பு என மூன்றும் மாறிமாறி வருகின்றன. ஆண்டர்சன் 1968-இல், தம் இருபத்தொன்றாம் வயதில் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு இங்கே பாடப்படுகிறது. சிறுவர் அறிந்த பழைய கீதம் ஒன்றின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, உடனே திரும்பி, உண்டு குடித்து மற்றவரை மறக்கும் நம்மைக் கண்டிக்கிற பாட்டு அது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதனை ஆலயத்துக்குள் கேட்கும்போது, ஒரு சிறிய ஆமோஸின் குரலாக நமக்குப் பட்டது. விருந்துண்டு வயிறு கனத்த சபைக்கு இதனைப் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனைபேர் சொல்லத் துணிவோம்? 1978-இல் பதிவுசெய்யப்பட்ட, கடினமான காலத்தைப் பற்றிய மற்றொரு பாட்டும் உண்டு. 2008 செப்டம்பரில் பெரும் நிதி நிறுவனங்கள் சரிந்து மூன்று திங்களே ஆகியிருந்த நிலையில், இலண்டன் நகரின் வணிக மையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் அது பாடப்பட்டது. தேர்ந்தவர் அறிந்து தேர்ந்தாரோ அறியாமல் தேர்ந்தாரோ, தேர்வு பொருத்தமானது.

எல்லாம் இவ்வாறு பொருந்தவில்லை. இலையும் தழையும் போர்த்த பசுமை மாந்தன் ஒருவனைப் பற்றிய பாட்டும் இந்நிகழ்ச்சியில் இருக்கிறது. இயற்கையைக் காக்கும் அச்சிற்றுருவத்தைச் சிலர் புறச்சமயத் தெய்வம் என்று கண்டிப்பர். இங்கிலாந்தின் இடைக்கால ஆலயங்களிலேயே இலைமுகங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன; அதனால் அவன் ஆலயத்துக்குப் புதியவனல்லன். எமது தடை வேறு. பசுமை மாந்தன் ஆண்டுதோறும் திரும்புகிறவன். வார்த்தை மாம்சமானதோ ஒரே முறை, அகுஸ்து இராயனின் நாட்களில், பெயர் சொல்லக்கூடிய ஓர் ஊரில். இவ்விரண்டையும் ஒரே மாலைநேரத்து இனிமையாகக் கேட்கவைப்பது நற்செய்தியைப் பருவகாலத்துக்குள் கரைத்துவிடும்.

மூன்று இராஜாக்களைப் பற்றிய அமெரிக்கக் கீதத்தைச் சொற்களின்றி இசைத்து, தலைப்பில் ‘ஐந்து இராஜாக்கள்’ என்று மாற்றியிருக்கிறார்கள். விளையாட்டுத்தான். ஆயினும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பாடம் நடத்துகிறவன் இதைக் கேட்டு முகஞ்சுளிக்க இயலாது. மத்தேயு அவர்களை இராஜாக்கள் என்று சொல்லவில்லை, தொகையும் கூறவில்லை. காணிக்கை மூன்றானதால் ஆட்களும் மூவராயினர். சங்கீதம் 72-உம் ஏசாயா 60-உம் அவர்களுக்கு முடி சூட்டின. சீரிய மரபு பன்னிருவர் என்றும் சொல்லும். மத்தேயு சொல்வதெல்லாம், அவர்கள் கிழக்கிலிருந்து வந்த வான்நூலார் என்பதே. உடன்படிக்கைக்குப் புறம்பானவர்கள், விசுவாச அறிக்கை எதுவும் கையில் கொண்டு வராதவர்கள், வந்து, பணிந்து, காணிக்கை வைத்துவிட்டு வேறு வழியாய்த் தம் ஊருக்குத் திரும்பினவர்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தி ஞானஸ்நானப் பத்திரம் கேட்டவர் யாருமில்லை. ஆண்டர்சன் ஆலயத்துக்குள் வரலாமா என்ற முதற்கேள்விக்கு இதற்கு மேல் விடை வேண்டியதில்லை என்பது எம் கருத்து.

அப்படியாயின் குறை எங்கே? வந்தவரிடம் அன்று, வரவேற்றவரிடம். நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட கவிதைகளுள் இரண்டைக் கவனிக்கவேண்டும். ஒன்று, சார்ல்ஸ் காஸ்லி எழுதிய, ரொட்டிக்காரனைப் பற்றிய கதைப்பாட்டு. மரியாள் சமையலறையில் ரொட்டி சுடுகிறாள். அவள் பிள்ளை வளர்ந்து உயிருள்ள அப்பத்தைத் தெருவெங்கும் கொடுக்கிறான். கொல்லப்பட்டு எழுந்தபின்னும் வாசல்தோறும் நிற்கிறான். மக்கள் இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுகின்றனர். மற்றொன்று ஜான் பெட்ஜமனின் ‘கிறிஸ்துமஸ்’. விளக்குகள், தோரணங்கள், பரிசுப் பொட்டலங்கள் என அடுக்கிச்சென்று, இதெல்லாம் மெய்தானா என்று கேட்டு, இறுதியில் திருவிருந்தின் அப்பத்திலும் இரசத்திலும் வந்து நிற்கிறது. இரு கவிதைகளும் ஒரே இடத்துக்கு, அப்பத்துக்கு, வருகின்றன. கேட்போர் அனைவரையும், நம்புவோரையும் நம்பாதோரையும், கர்த்தருடைய மேசையின் விளிம்புவரை அழைத்துவந்துவிட்டனர். அதன்பின் என்ன நிகழ்கிறது? பதிவின் முடிவில் பழைய கீதம் ஒன்றின் ஜாஸ் வடிவம் வருகிறது, அதனோடு சேர்ந்து, 1972-இல் இக்குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்த நீண்ட பாட்டின் ஒரு பகுதி, பின்பு கைதட்டல். கச்சேரியின் முறைப்படி இது சரியே. புகழ்பெற்ற பாட்டைக் கடைசிக்கு வைப்பது அத்தொழிலின் வழக்கம். ஆனால் ஆலயத்தின் முறைப்படி, இறுதிச் சொல்லைச் சொல்லவேண்டியவர் யார்? அந்த இடத்தை வீட்டுக்காரரே விருந்தினருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

இது வெறும் ஒழுங்குமுறைப் பிழையன்று என்பதற்குத் தொண்டு நிதியே சான்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் எனும் இரத்தசாட்சி, ஞாயிறு கூடுகையைப் பற்றித் தம் முதல் வாதநூலில் விவரிக்கிறார். மறைநூல் வாசிக்கப்படுகிறது; மன்றாட்டு ஏறெடுக்கப்படுகிறது; அப்பம் பகிரப்படுகிறது; வசதியுள்ளோர் மனமுவந்து கொடுப்பது சபைத் தலைவரிடம் சேர்க்கப்பட்டு, திக்கற்றோர், விதவைகள், நோயாளர், சிறையிலிருப்போர், அந்நியர் ஆகியோருக்குச் செல்கிறது. அங்கே ஈகை மேசையிலிருந்து புறப்பட்டது. தொண்டுக் கச்சேரியில் ஈகை நுழைவுச்சீட்டிலிருந்து புறப்படுகிறது. சீட்டு வாங்கியவன் இன்பத்துக்கும் தருமத்துக்கும் ஒரே விலை கொடுத்து, வாசலிலேயே கணக்கைத் தீர்த்துவிட்டு உள்ளே வருகிறான். அவன் யாருக்குக் கொடுத்தானோ அவனுடைய பெயரையோ முகத்தையோ ஆராதனையில் சந்திக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பணம் நல்ல பணமே; எளியோருக்கு அது போய்ச் சேர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. நம் ஊர்ப் பவனிகளில் உண்டியல் குலுக்கிச் சேர்க்கும் காசின் கணக்கையும் இதே அளவுகோலால் அளந்தால் நம்மில் பலர் தலைகுனியவேண்டியிருக்கும். தெருவில் கிடந்தவனை 1971-இல் பாட்டாக்கிய ஒருவர் பீடத்தின் முன் நிற்கும்போதாவது, அப்படிப்பட்டவனின் பொருட்டு ஒரு நிமிட மௌனம் கேட்டிருக்கத் தக்கது.

அதற்குப்பின் வந்த ஆண்டுகளில் ஆண்டர்சன் பல பேராலயங்களில் கிறிஸ்துமஸ் கச்சேரிகள் நடத்தி, வருவாயை அக்கட்டடங்களின் பராமரிப்புக்குக் கொடுத்துவந்திருக்கிறார். திருச்சபையைச் சாடிய கையே அதன் கூரையைச் செப்பனிடுகிறது. இதனை ஏளனமாகச் சொல்லவில்லை, நன்றியோடுதான் சொல்லுகிறோம். ஆயினும் கூரை நிலைத்து, அதன் கீழ் கூடுவோர் பார்வையாளராகவே இருந்துவிட்டால், அவர் 1971-இல் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை என்றே பொருள். பெட்டியை மட்டும் அழகாக வைத்துக்கொண்டோம் என்று ஆகிவிடும்.

இத்தகைய விண்ணப்பம் நம் மாணாக்கருள் ஒருவர் ஊழியஞ்செய்யும் ஆலயத்துக்கு நாளை வரக்கூடும். வந்தால் மறுக்கவேண்டாம் என்பதே எம் ஆலோசனை. கருவிகளைக் குறைக்கச் சொல்லவேண்டாம்; பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து நம்மைக் கண்டிக்கும் பாட்டை விலக்கவும் வேண்டாம்; அதுவே முதலில் வரட்டும். காணிக்கைத் தட்டு வாசலில் நில்லாமல், வாசிப்புக்குப் பின் நடுவில் வரட்டும். அது யாருக்குச் செல்கிறதென்பதை ஆயர் பெயர் சொல்லி அறிவித்து மன்றாடட்டும். கடைசிப் பாட்டைச் சபையார் எழுந்து நின்று, குழுவின் துணையோடு, தாங்களே பாடட்டும். கைதட்ட வேண்டுமென்றால் ஆசீர்வாதத்துக்குப் பின், ஆலய முற்றத்தில் தட்டிக்கொள்ளலாம். புல்லாங்குழல்காரருக்கும் அங்கே ஒரு குவளைத் தேநீர் கொடுக்கலாம்.