வெட்டு தெரிந்த கேமரா

போடி அருகே குரங்கணி மலைச்சரிவில் படம்பிடிப்பது லேசான காரியமல்ல. ஒரு ஷாட் முடிந்து அடுத்த கோணத்துக்குக் கேமராவை மாற்றுவதற்குள் மூடுபனி ஏறி ஏலச்செடிகள் வெளுத்துவிடும். இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்டினால் பேச்சு தொடரும், வெளிச்சம் தொடராது. ஆகவே, இங்கே கேமரா பிடிப்பவருக்கு வெட்டு எங்கே விழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஷாட்டை நீளமாக விட வேண்டும். இல்லையேல், இடையில் செருக ஒரு கையையோ மூட்டையையோ தனி ஷாட்டாக எடுத்துவைக்க வேண்டும்.

இப்படிப் பல வேலை பழகியவருக்கு எதிலும் ஆழம் இருக்காது என்பார்கள். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு அதை மறுக்கிறது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் (2018) சுமைகூலியின் நடைக்கு இணையாகப் பொறுமையாக மலையேறுகிறது கேமரா. ‘கர்ணன்’ (2021) படத்தில் தென்மாவட்ட வெயிலில் கொதிக்கிறது. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்திலோ பெரும்பாலும் அசையாமல் நின்று பார்க்கிறது. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்ற தீர்மானம்தான் மூன்றுக்கும் அடிப்படை. எடிட்டரின் வேலையும் அதுவே. சம்பளத்தை மிச்சம் பிடிக்க எல்லா வேலையையும் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம், அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், போடியில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் எடுத்ததை ஒருமுறையாவது நீங்களே உட்கார்ந்து எடிட் செய்யுங்கள்.