மூன்று சொல்லில் ஒரு நீதிபதி

தபாலில் வந்த வாக்குச்சீட்டு ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஜனாதிபதி, செனட், பள்ளி வாரியம் எல்லாம் ஒரு மாதிரி முடித்தாயிற்று. கடைசிப் பக்கத்தில்தான் வழக்கம்போல் வண்டி நின்றது. "ஏங்க, இந்த ஜட்ஜுங்க லிஸ்ட்ல யாருக்குப் போடறது? நீங்கதான் எதையாவது நோண்டிட்டே இருப்பீங்களே" என்றாள் மனைவி. நோண்டியதில் கிடைத்தது கீழே. இது 2024 மார்ச்சில் ஆரம்பித்த குறிப்பு. ரொம்ப நாளாக டிராஃப்டிலேயே கிடந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நம்மூரில் கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக வேண்டுமென்றால் சட்டம் படித்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தேர்வில் தேறி வரவேண்டும். கலிஃபோர்னியாவில் அப்படியில்லை. இங்கே விசாரணை நீதிமன்றத்துக்குப் பெயர் சுப்பீரியர் கோர்ட். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒன்று. அதன் நீதிபதிகளை மக்கள் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவில் காலியாகும் இடங்களைக் கவர்னர் நிரப்புவார். பதவியில் இருப்பவரை எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் அவர் பெயர் சீட்டிலேயே வராது. அதனால் ஐந்நூறுக்கு நெருக்கமான நீதிபதிகள் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில்கூட ஒரு தேர்தலில் நம் கண்ணில் படுவது சில இருக்கைகள்தான். கட்சிப் பெயர் கிடையாது, சின்னமும் கிடையாது. ஒரு கோடி மக்கள் வாழும் கவுண்டியில் இவர்களை நேரில் அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆக, வாக்காளர் கையில் இருப்பது இரண்டே தகவல்தான்: வேட்பாளரின் பெயர், அதற்குக் கீழே அவருடைய தொழிலைச் சொல்லும் சின்னக் குறிப்பு.

அந்தக் குறிப்பைத்தான் இங்கே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கப் போகிறேன். கதை, கவிதைக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறோம். கோடிப்பேர் தலையெழுத்தைத் தொடும் மூன்று சொல்லுக்கு எழுதக்கூடாதா?

மூன்று சொல் என்பது நான் சும்மா சொல்வதல்ல. கலிஃபோர்னியா தேர்தல் சட்டத்தின் 13107-ஆம் பிரிவு போட்ட பொதுவான உச்சவரம்பு அது. வேட்பாளர் இப்போது செய்யும், அல்லது முந்தைய காலண்டர் ஆண்டில் செய்த முக்கியத் தொழிலை அதற்குள் சொல்ல வேண்டும். மாநிலத்தின் ஊர்ப்பெயர்களுக்குச் சலுகை உண்டு. 'லாஸ் ஏஞ்சலஸ்' ஒரே சொல்லாகக் கணக்கு. (இந்த விதி தமிழில் வந்திருந்தால் புணர்ச்சி இலக்கணத்தை வைத்து நம் ஆட்கள் முழு பயோடேட்டாவையும் ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.) சிறந்த, முன்னணி, நிபுணர் போன்ற மதிப்பீட்டுச் சொற்களுக்குத் தடை. சரிதான், அது நியாயம். 'முன்னாள்' என்ற சொல்லுக்கும் தடை. 'ஓய்வு பெற்ற' என்பதற்கு மட்டும் விதிவிலக்கு.

இந்தக் கடைசித் தடையைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு நீதிபதி வேட்பாளரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியதே அவருடைய இறந்தகாலத்தைத்தானே? பத்துப் பதினைந்து வருஷமாக எந்தக் கோர்ட்டில் நின்றார், என்ன மாதிரி வழக்கு நடத்தினார் என்பதைத்தானே தகுதி என்கிறோம்? இந்தக் குறிப்போ, இன்றைக்கு அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது. என் வேலையில் வாரத்துக்கு நாலு ரெஸ்யூமே பார்க்கிறேன். மேலே 'சீனியர் ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருப்பதை நான் படிப்பதே இல்லை. கடைசியாக எது உடைந்தது, அதை நீ எப்படிச் சரிசெய்தாய் என்றுதான் கேட்பேன். வாக்குச்சீட்டில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

சரி, இந்தச் சின்ன இடத்தை வேட்பாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? ஒரு காலத்தில் இது விளம்பரப் பலகையாகவே இருந்தது. மாவட்ட அட்டர்னி அலுவலகத்தில், அதாவது அரசுத் தரப்பில், வழக்கு நடத்துபவர்கள் தங்களை 'கேங் கொலை வழக்கு ப்ராசிக்யூட்டர்' என்றும், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களின் ப்ராசிக்யூட்டர் என்றும் போட்டுக்கொண்டார்கள். வேலை உண்மையானதுதான், பொய் இல்லை. ஆனால் தொழில் குறிப்பு அங்கே தேர்தல் கோஷமாக ஆகிவிடுகிறது. படிக்கிற நமக்கு ஒரு கெட்டவன் மனசில் வருகிறான், அவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிற நல்லவர் எதிரே நிற்கிறார், கை தானாக வட்டத்தைக் கறுப்பாக்குகிறது. 2016-ல் நானும் இந்த மாதிரி ஒரு குறிப்புக்கு விழுந்தவன்தான். எதிரே நின்றவர் குறிப்பை முழுசாகப் படித்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

இதில் அடிபடுபவர் யார் என்று யோசியுங்கள். அதே கொலை வழக்கில், அதே அறையில், எதிர்ப்பக்கம் நின்று வாதாடிய பப்ளிக் டிஃபெண்டர் என்ன போடுவார்? பணம் இல்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடுபவர் அவர். கோர்ட் அனுபவம் இருவருக்கும் ஒன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ததும் ஜூரி முன்னால் நின்றதும் ஒன்றுதான். ஆனால் 'கேங் கொலை வழக்கு டிஃபெண்டர்' என்று போட்டால் ஓட்டு விழுமா? தகுதியைச் சொல்வதற்கென்று வைத்த இடம், எந்தப் பக்கம் நின்றாய் என்பதை மட்டும் சொல்லும் இடமாகிவிட்டது.

2017-ல் சட்டமன்றம் இதைக் கவனித்து, நீதிபதி வேட்பாளர்களுக்கு மட்டும் தனி விதி கொண்டுவந்தது. அரசு வழக்கறிஞர்கள் தங்கள் அதிகாரபூர்வப் பதவிப் பெயரை, எந்த அலுவலகம் என்பதோடு, அப்படியே போட வேண்டும். தனியார் வழக்கறிஞர் என்றால் 'அட்டர்னி' மாதிரி சாதாரணச் சொல் போதும். கோஷம் போனது, நல்லது. ஆனால் இப்போது ஒரே போட்டியில் இரண்டு பேர் 'துணை மாவட்ட அட்டர்னி, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி' என்று எழுத்துப் பிசகாமல் ஒரே குறிப்போடு நிற்கலாம். ஒருவர் 25 வருஷம் வழக்கு நடத்தியவராகவும் மற்றவர் அதில் பாதிகூட நடத்தாதவராகவும் இருக்கலாம். சீட்டில் வித்தியாசம் தெரியாது. மிகைப்படுத்தலைத் துடைக்கப்போய் தகவலையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். பாக்கி இருப்பது பெயர். பெயரைப் பார்த்து ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த கதை ஒன்று உண்டு.

2006 ஜூன். ஜிந்த்ரா யானவ்ஸ் என்ற நீதிபதி. லாத்வியாவில் பிறந்தவர், 20 ஆண்டுகளாக லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட்டில் இருந்தவர். கவுண்டி வழக்கறிஞர் சங்கம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தரம் போடும். அவருக்குக் கொடுத்தது 'அசாதாரணத் தகுதி', அதாவது உச்சம். எதிர்த்து நின்ற லின் டயான் ஓல்சன் ஒரு பேகல் கடை உரிமையாளர், வழக்கறிஞர் சங்கத்தின் கணக்கில் 'தகுதியில்லாதவர்'. ஜெயித்தது ஓல்சன். உச்சரிக்க வராத பெயர்தான் யானவ்ஸைத் தோற்கடித்தது என்று பலரும் எழுதினார்கள். தமிழ்ப் பெயரை ஒவ்வொரு மீட்டிங்கிலும் இரண்டு தடவை ஸ்பெல்லிங் சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு இந்த விளக்கத்தை நம்புவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

ஆனால் அப்போது எழுதப்பட்ட கிண்டல்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாரும் பேகலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடை நடத்தியவர் நீதிபதியாகக் கூடாதா என்ன? வாடகை, சம்பளப் பட்டுவாடா, சரக்கு கொடுத்தவரோடு தகராறு எல்லாம் பார்த்த ஒருவர் சின்ன வழக்குகளை நன்றாகவே விசாரிக்கலாம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை வருஷம் உண்மையில் வழக்கறிஞர் வேலை பார்த்தார்? மாநில அரசியல் சட்டத்தின் ஆறாவது பகுதி கேட்பது, தேர்வுக்கு முந்தைய 10 ஆண்டுகள் ஸ்டேட் பார் எனப்படும் வழக்கறிஞர் அமைப்பில் உறுப்பினராகவோ, மாநிலத்தில் நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும் என்பதுதான். உறுப்பினர் என்றுதான் இருக்கிறதே ஒழிய, கோர்ட்டில் நின்று வாதாடியிருக்க வேண்டும் என்று இல்லை. நூலகக் கார்டு பத்து வருஷமாக வைத்திருப்பவரும் பத்து வருஷம் படித்தவரும் இங்கே ஒன்று.

யானவ்ஸ் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. தோற்ற கையோடு கவர்னர் ஷ்வார்ஸ்நெகர் அவரை வேறொரு காலியிடத்தில் மறுபடி நியமித்தார். நல்ல நீதிபதியைக் காப்பாற்றினார் என்று பாராட்டினார்கள். எனக்கு அதுவும் உறுத்துகிறது. மக்கள் தீர்ப்பை அடுத்த வாசல் வழியாகத் திருத்திக்கொள்ளலாம் என்றால் எங்களை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? விவரம் கொடுக்காமல் பரீட்சை வைத்துவிட்டு, தப்பாக எழுதினோம் என்று திருத்துவது என்ன முறை?

வழக்கறிஞர் சங்கத் தரத்தை மட்டும் நம்பினால் போதாதா என்று கேட்கலாம். பல நேரம் போதும் என்றே சொல்வேன். சான் டியேகோவில் 2012-ல் கேரி க்ரீப் என்பவர் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஊர் வழக்கறிஞர் சங்கம் தகுதிக் குறைவு என்று சொல்லியிருந்தது. 2017-ல் நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் மாநில ஆணையம் அவருக்குக் கடுமையான பகிரங்கக் கண்டனம் விதித்தது, அடுத்த ஆண்டு மறுதேர்தலில் தோற்றார். எச்சரிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது வாக்குச்சீட்டில் அச்சாவதில்லை, தேடிப்போகிறவனுக்குத்தான் கிடைக்கும். கிடைத்தாலும் ஓரிரு சொல்லில் ஒரு மதிப்பெண். மூன்று சொல்லுக்குப் பதில் இரண்டு சொல். கோட் ரிவ்யூவில் காரணம் எழுதாமல் 'ரிஜெக்ட்' போட்டால் என் டீமில் சண்டை வரும்.

தகுதி என்றால் என்ன என்பதில் அமெரிக்காவுக்கே ஒரு முடிவு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் லின்ச் என்ற சின்ன ஊர். அங்கே போலீஸ் கோர்ட் நீதிபதியாக இருந்தவர் சட்டம் படிக்காத ஒரு சுரங்கத் தொழிலாளி. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவருக்கு 30 நாள் சிறை கொடுத்தார். முதல் முறை குற்றத்துக்கு அந்த மாநிலச் சட்டத்தில் அபராதம்தான், சிறையே கிடையாது! வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் படித்த நீதிபதி முன்னால் புதிதாக இன்னொரு விசாரணை கேட்கும் வசதி இருக்கிறதே, அதனால் தவறில்லை என்று 1976-ல் தீர்ப்பு. 'நார்த் எதிர் ரஸ்ஸல்' என்று தேடினால் முழுத் தீர்ப்பும் படிக்கலாம். எனக்கு அதில் தலைகீழாக ஒரு விஷயம் தெரிந்தது. மேலே கேட்க வழி இருந்தால் கீழே இருப்பவர் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம் என்கிறார்கள். மேலே போக வழி இல்லாத இடத்தில்?

அப்படி ஓரிடத்தில் நான் நின்றிருக்கிறேன். பழைய அபார்ட்மென்ட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பெயின்ட், கார்ப்பெட் என்று பிடித்துக்கொண்டார். ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நாமேதான் பேச வேண்டும். வழக்குப் போட்டவன் தோற்றால் அப்பீலும் கிடையாது. நான் முப்பது போட்டோ, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இருக்கையில் இருந்தவர் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "காலி செய்த 21 நாளுக்குள் செலவுக் கணக்கு எழுதி அனுப்பினீர்களா?" என்று ஒரே கேள்வி. அனுப்பவில்லை. அந்த 21 நாள் விதி எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் என் முப்பது போட்டோவும் வீட்டுக்காரரின் பெயின்ட் பில்லும் மோதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

கொலை வழக்கு நடத்திய வேட்பாளர் ஜெயித்ததும் கொலை வழக்குதான் விசாரிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எந்த நீதிபதிக்கு எந்த வேலை என்று ஒதுக்குவது தலைமை நீதிபதி. வீட்டைக் காலிசெய்யும் வழக்கு, விவாகரத்து, உயில், டிராஃபிக் எங்கு வேண்டுமானாலும் போடலாம். வாக்குச்சீட்டில் ஒரு துளி இடம் கூடுதலாகக் கொடுத்து, வழக்கறிஞரான ஆண்டு, உண்மையில் தொழில் செய்த ஆண்டுகள், எந்த வகை வழக்குகள், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என நாலு வரி அச்சடித்தால் போதும். இதில் பாதி ஸ்டேட் பார் இணையதளத்திலேயே இருக்கிறது: பெயரைத் தட்டினால் பதிவான தேதியும் உறுப்பினர் நிலையும் நடவடிக்கை இருந்தால் அதுவும் வரும். கையேட்டில் வேட்பாளர் அறிக்கைக்கு இடம் உண்டு, ஆனால் அதன் செலவை வேட்பாளரே கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய கவுண்டியில் அது சின்னத் தொகை இல்லை. பணம் கட்டாதவர் தகுதியை நாங்கள் யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க லேப்டாப்பும் வாக்குச்சீட்டுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகத் தேடி, தேதிகளைக் குறித்து, வழக்கறிஞர் சங்கத் தரத்தைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மூன்று இருக்கைகளுக்குத் தெளிவு கிடைத்தது, குறித்தேன். மற்றதை வெள்ளையாக விட்டேன். மனைவி என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டுக்குச் சேர்த்துக் குறித்தாள். எதை வைத்து என்று கேட்டேன். "இவங்க ரெண்டு பேரும் பப்ளிக் டிஃபெண்டர்னு போட்டிருக்கு. நீங்கதானே அவங்களுக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்கன்னு சொன்னீங்க" என்றாள்.