பழவேற்காட்டில் பூநாரையைப் பார்ப்பது எப்படி?

ஐஸ்லாந்தின் வடகரையில் ஹூசாவிக் என்றொரு சிற்றூர். திமிங்கிலம் பார்ப்பதற்காகவே வெளிநாட்டார் அங்கே குவிகிறார்கள். தமிழ்நாட்டின் வடகோடிக் கரையிலும் அப்படியோர் ஊர் உண்டு: திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. இங்கே காணவேண்டியது பூநாரை. அந்தத் திமிங்கிலங்கள் வாயிலுள்ள சல்லடையால் கடல்நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்கின்றன. பூநாரையும் அலகால் அதையேதான் செய்கிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். வடகிழக்கு மழையில் ஆரணி ஆறு கொண்டுவரும் நீரால் பழவேற்காடு ஏரி நிரம்பும். தை பிறந்தபின் நீர் வற்றி, சேறு மேலெழும். நடந்தபடி மேயும் பறவைக்கு அதுதான் விருந்துக் காலம்.

காலையில் பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் பழவேற்காடு போகலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர் இது. அவர்களின் கல்லறைத் தோட்ட வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளை நின்று பார்க்க வேண்டும்.

பிற்பகலில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அண்ணாமலைச்சேரிக்குப் போய்விடுவது நல்லது. அது ஏரியின் மேற்குக் கரை. மூன்று மணிக்கு மேல் வெயில் முதுகுப்பக்கம் விழும், பறவையின் நிறம் துலங்கும்.

படகு வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு நெருங்கினால் பறவைகளும் மேய்ச்சலை விட்டு எழுந்துவிடும். கரையும் ஒரு பைனாகுலரும் போதும்.

முதலில் தெரிவது, தொலைவில் நுரை ஒதுங்கியதுபோல ஒரு வெளிர்க்கோடு. அவசரப்படாமல் அதில் ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்க்கும். மேல் அலகு கீழே போய்விடும். நாக்கு பம்புபோல நீரை இழுத்துத் தள்ள, அலகோரத்துச் சீப்புப் பற்களில் இரை தங்கும். கால்களையும் கவனிக்கலாம். நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது. முழங்கால் பின்னோக்கி மடிகிறதே என்று வியக்கிறோம், அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

கூட்டத்தில் சாம்பல் நிறத்தவையும் இருக்கும். அவை இளசுகள். பாசியிலும் கூனி போன்ற சிற்றுயிர்களிலும் உள்ள நிறமி உடலில் சேரச் சேர, சில ஆண்டுகளில்தான் இளஞ்சிவப்பு ஏறும்.

கல்லெறிந்தோ கைதட்டியோ கிளப்பக் கூடாது. இருட்டும் வேளையில் அவை தாமாகவே இடம் மாறுவதுண்டு. அப்போது சிறகு விரியும். அதுவரை வெளிறித் தெரிந்த உடலிலிருந்து செக்கச்சிவந்த பட்டையும் கரிய ஓரமும் சட்டென வெளிப்பட்டு, ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ஒரே வரிசையாய் நீளும்.