வாழத் தகாத ஊர், பார்க்கத் தகுந்த ஊர்

தனுஷ்கோடியைப் பற்றி அரசு எழுதிய வாக்கியங்களில் நிலைத்து நின்றது ஒன்றுதான்: மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலைக்குள் போனது. ரயில் நிலையம், துறைமுகம், தபால் ஆபீஸ், தேவாலயம் எல்லாம் ஒரே ராத்திரியில் இடிபாடு. அதற்குப் பிறகு வந்த அறிவிப்பு அது. அந்த நேரத்தில் அதை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஒரு வாக்கியம் அறுபது வருஷம் உயிரோடு இருந்தால் அதை ஒரு பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு, யார் எழுதியது, யாரை விட்டுவிட்டு எழுதியது என்று வாசித்துத்தான் ஆக வேண்டும்.

தகுதியற்றது, சரி. யாருக்கு? அதே புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. 46 நாளில் பாலத்தை நிமிர்த்திவிட்டார்கள். இ. ஸ்ரீதரன் பேர் எடுத்தது அந்த வேலையில்தான். பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. எதை மீட்பது, எதை மணலுக்குக் கொடுத்துவிடுவது என்ற தீர்மானம் பொறியியலில் எடுக்கப்படுவதல்ல.

ஜனங்கள் தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டன. மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடித்தன. அரசே அங்கே பள்ளிக்கூடம் நடத்துகிறது. ஆக, ‘வாழத் தகாத’ இடத்தில் வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுகிறார். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2019இல் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடவும் அடிக்கல் நாட்டினார்கள். சாலை வந்த பிறகு விடுமுறை நாளில் அந்த முனையில் வேன்களின் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். சர்பத் குடித்துவிட்டு, இடிந்த தேவாலயத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். வாழத் தகாத ஊர் பார்க்கத் தகுந்த ஊராகிவிட்டது. வந்து போகிறவனுக்குச் சாலையின் இரண்டு பக்கமும் கல் அடுக்கியாயிற்று. அங்கேயே கிடக்கிறவன் பட்டா கேட்டால் 1964ஐ எடுத்து நீட்டுகிறார்கள்.

இப்போது புழங்குகிற சொல் ‘ரெசிலியன்ஸ்’. தமிழில் மீள்திறன், தாங்குதிறன் என்று விதவிதமாக எழுதுகிறார்கள். வெள்ளத்தைத் தாங்குகிற கரை, மீண்டு எழுகிற சமூகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் தாங்க வேண்டும் என்பதை அந்தச் சொல் நைசாக மாற்றிவிடுகிறது. வடிகால் போட வேண்டியவர்களின் பொறுப்பு, தண்ணீருக்குள் நிற்கிறவர்களின் ‘திறன்’ ஆகிவிடுகிறது. தாக்குப்பிடிக்கவில்லை என்றால் உனக்குத் திறன் போதாது!

2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத்தலைவர். மாவட்டத் திட்டத்தை உள்ளாட்சிகளைக் கலந்து தயாரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உள்ளாட்சிக்கென்று தனியாக ஒதுக்கிய வேலைகள் என்ன என்று பார்த்தால்: ஊழியருக்குப் பயிற்சி கொடு, சாமான்களைத் தயாராக வை, கட்டடங்கள் விதிப்படி இருக்கிறதா பார், நிவாரணம் செய். அதாவது சாக்குமூட்டையை எண்ணி வைப்பது ஊராட்சி, கோடு கிழிப்பது வேறு யாரோ. பஞ்சாயத்துகளுக்கான அரசியல் சட்டப் பதினோராவது அட்டவணையின் 29 இனங்களில் மீன்வளம் இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, நீர் மேலாண்மைகூட இருக்கிறது. வெள்ளம், பேரிடர் என்ற பேரில் ஒன்றும் இல்லை.

அந்த இணைத்தலைவர் நாற்காலியிலாவது ஆள் இருந்ததா? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி. இடையில் 2017இல் ஒக்கி, 2018இல் கஜா. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பன் பக்கத்தில் வலுவிழந்து, நகராமல் நின்றுகொண்டிருந்தபோது ராமேஸ்வரம் நகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. தேர்தல் தள்ளிப்போவதை நாம் கட்சிச் சண்டையாக, வழக்கு விவகாரமாக மட்டும் பேசுகிறோம். கரையோரத்தில் அது வெள்ளச் செய்தியும்தான்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான். மீனவர் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் நின்றது. கவனிக்க வேண்டியது, அன்றைக்குத் தண்ணீர் கடலிலிருந்து வரவில்லை, மேலேயிருந்து வந்தது. கடலைத் தடுக்கும் கற்சுவர் இந்தத் தண்ணீர் வெளியே போவதற்குக் குறுக்கேயும் நிற்கக்கூடும். மணல்தீவு மழையைக் குடிக்கும். தேரியைச் சமமாக்கி, லாட்ஜும் வாகன நிறுத்தமும் கட்டி, மேலே கான்கிரீட் போட்டால் எதைக் குடிக்கும்? கோயிலுக்கு வெளியே தீவு முழுக்கத் தீர்த்தக்குளங்கள் உண்டு. அவற்றைப் புண்ணியக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். வடிகால் கணக்கில் யாரும் எழுதவில்லை.

இந்த இடத்தில் ‘மக்கள் அறிவே மாபெரும் அறிவு’ என்று ஒரு பாட்டு பாடிவிடுவது நம்மவர்களுக்குச் சுலபம். நான் அதற்கு வரவில்லை. 1964இல் செத்தவர்களும் கடலை அறிந்தவர்கள்தான். ஆனால் அந்தத் தீவில் வடகடலையும் தென்கடலையும் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துச் சொல்வது வெறும் அலங்காரம் இல்லை. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளித்தால் வள்ளத்தைத் தெற்கே கொண்டுபோவார்கள், கச்சான் அடித்தால் வடக்கே. கரை என்பது அவர்களுக்கு நகர்கிற ஒன்று. வரைபடத்துக்கோ அது ஒரு கோடு, அசையக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டிக் கொண்டுபோனது அதற்கு முக்கியக் காரணம். அலையின் வேகத்தைத் தணிக்கிற பாறையை விற்று முடித்த பிறகு, கரைக்குத் தாங்குதிறன் இல்லை என்று அறிக்கை எழுதுகிறோம்.

சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இலங்கை குறுக்கே இருந்ததால் ராமநாதபுரம் கரை பெரும்பாலும் தப்பியது. அடிபட்ட கரைகளுக்காக 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் தள்ளிப் போனால் வீடு தரும், போகாவிட்டால் உதவி கிடையாது என்றது. காலி செய்த நிலம் பொதுக்காரியத்துக்கு. மீனவனைப் பாதுகாப்பு என்ற பேரில் பின்னால் தள்ளிவிட்டால் முன்னால் காலியாகிற மணலில் யார் வந்து உட்காருவார்கள்? ராமேஸ்வரம் மாதிரி யாத்திரையும் உல்லாசமும் ஒன்றாகிவிட்ட ஊரில் இது கற்பனைக் கேள்வி இல்லை.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இலும் சரி 2019இலும் சரி, மீனவர் குடியிருப்புகளையும் வலை உலர்த்துகிற, வள்ளம் ஏற்றுகிற பொது இடங்களையும் வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்களில் இவை விடுபட்டிருப்பதாக மீனவ அமைப்புகள் திரும்பத் திரும்பச் சண்டை போட்டிருக்கின்றன. வரைபடத்தில் இல்லாத குடியிருப்புக்கு வடிகால் எப்படி வரும்? படத்தில் வெறும் மணல்தானே இருக்கிறது.

அக்டோபர் 2 கிராமசபை, வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் கூடுகிறது. பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிகளில் அன்றைக்கு இந்த வரைபடத்தைத் தமிழில், பெரிசாக, தரையில் விரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மாவட்டப் பேரிடர் திட்டத்தையும் பக்கத்தில் வைக்கட்டும். தனுஷ்கோடிக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்து உட்காரட்டும். வலை காயப்போடுகிற இடம் எது, போன நவம்பரில் தண்ணீர் எத்தனை நாள் எங்கே நின்றது என்று கரியால் குறிக்கட்டும். அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு அனுப்பினால், ‘கலந்தாலோசித்து’ என்ற சட்ட வார்த்தைக்கு அவர் என்ன பதில் எழுதுகிறார் என்று பார்க்கலாம்.